கோணேசர் மலைக்குக் கீழே ஓர் எழுத்தாளர்

1956, 1957 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஆர்தர் சி. கிளார்க் வெளியிட்ட புத்தகங்களில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்: 'த சிட்டி அண்ட் த ஸ்டார்ஸ்', 'த கோஸ்ட் ஆஃப் கோரல்', 'த டீப் ரேஞ்ச்', 'டேல்ஸ் ஃப்ரம் த வைட் ஹார்ட்', 'த ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்'. நாவல், சிறுகதை, பயண நூல் என்று ஐந்து. எழுத்தாளர் மேசைக்குக் கணினி வராத காலம். இவ்வளவு எழுதித் தள்ளியவர் வெளியே தலைகாட்டாமல் அறைக்குள் அடைந்து கிடந்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ அதே இரண்டு ஆண்டுகளில் கடலுக்குள்ளும் கிடந்தார். அதில் ஒரு பங்கு எங்கள் திருகோணமலைக் கடல்.

"எழுதுகிறவனுக்கு உடற்பயிற்சிக்கு எங்கே நேரம்?" என்ற பேச்சு எழுத்தாளர் கூடும் இடமெல்லாம் கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கிளார்க்கை வைத்துப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. அவர் எழுத்துக்கு இத்தனை மணி, உடம்புக்கு இத்தனை மணி என்று பங்கு பிரித்தவராகத் தெரியவில்லை. உடம்பு செய்த வேலையையே எழுத்துக்குத் தீனியாக்கினார். பிறகு அந்த உடம்பு படுத்துவிட்டபோது, அதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். இரண்டுக்கும் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது.

கிளார்க் 1917 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் பார்க்கக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் சற்று இறங்கினார். 1956இல் திரும்பி வந்தார்; அதன்பின் சாகும்வரை இலங்கைதான் வீடு. கூட்டாளி மைக் வில்சன், படம் பிடிப்பவர், சுழியோடி. வந்த வருடமே இருவரும் திருகோணமலைக்கு வந்து, கோணேசர் மலையின் செங்குத்துப் பாறைக்குக் கீழே கடலில் இறங்கினார்கள்.

பழைய கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடித்தான், கற்களில் ஒரு பங்கு கோட்டை கட்டப் போயிற்று, மிச்சம் கடலுக்குள் உருட்டி விடப்பட்டது என்பது இந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கதை. கதையாக இருந்ததை நேரில் பார்த்துப் படமாகவும் கொண்டுவந்தவர்கள் இவர்கள். மனிதக் கை செதுக்கிய தூண்களும் கட்டடக் கற்களும் பாசி படிந்து பாறைகளுக்கிடையே கிடந்தன. ஊரில் 1950இல் கிணறு வெட்டும்போது வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்திருந்தன. கடலடியில் இந்தக் கற்களும் தெரிந்தபின் கோயிலைத் திரும்பக் கட்டும் ஆசைக்கு வேகம் வந்தது. 1963இல் குடமுழுக்கு நடந்தது. வில்சன் பிற்காலத்தில் காவி உடுத்துச் சுவாமி சிவகல்கி ஆனது தனிக்கதை.

இனி, கிளார்க் ஏன் சுழியோடினார் என்பதற்கு வருவோம். தொப்பை குறைக்க அல்ல. 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் அவை பூமியோடு சேர்ந்தே சுற்றும், மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. ஸ்புட்னிக் ஏறுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. விண்வெளியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு அங்கே போக வழியில்லை. எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்பதை உடம்பால் அறிய அன்று அவருக்குக் கைக்கெட்டிய இடம் கடல். அவர் இங்கே கடலில் இறங்கிப் பத்து ஆண்டுகள் கழித்து, 1966இல், ஜெமினி 12 பயணத்துக்குமுன் பஸ் ஆல்ட்ரின் நீச்சல் குளத்துக்குள் இறங்கி விண்நடை பழகினார். இன்றைக்கும் விண்வெளி வீரர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள்.

நீருக்குள் உடம்புக்கு நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கழுத்தளவு நீரில் சும்மா நின்றாலே போதும், கால்களைச் சுற்றியுள்ள நீரழுத்தம் அங்கே தேங்கி நிற்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறத்தாழ 700 மில்லிலீற்றர் இரத்தம் நெஞ்சுப் பக்கம் வந்து சேரும். இதயத்தின் அறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிப்போயிற்று என்று எடுத்துக்கொண்டு இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்க, சிறுநீரகம் வேலையைத் தொடங்குகிறது. கடலில் இறங்கிய சிறிது நேரத்தில் எல்லோருக்கும் வருகிற அந்த அவசரத்துக்குக் காரணம் குளிர் மட்டுமல்ல. வெதுவெதுப்பான நிலாவெளிக் கடலிலும் அது வரும்.

மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தை நீரில் அமிழ்த்தினால் இன்னொன்று நடக்கும். முகத்து நரம்பு மூளைக்குச் செய்தி சொல்ல, மூளை இதயத்துடிப்பைக் குறைக்கிறது. கைகால்களின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இருக்கிற ஒட்சிசனை இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சம் பிடிக்கின்றன. திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் சுற்றும் எண்ணெய்த் திமிங்கிலம் ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கிக் கிடப்பதில் இந்த ஏற்பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. மனிதனிடம் இருப்பது அதன் சின்ன மிச்சம். மன்னாரில் முத்துக்குளித்தவர்கள் அந்த மிச்சத்தை வைத்தே பிழைத்தார்கள்.

காற்றுப்புட்டி கட்டிக்கொண்டு இறங்குகிறவருக்குப் பாடம் வேறு. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் அவர் இழுக்கும் காற்று மேலே இருப்பதைவிட இரு மடங்கு அடர்த்தி, புட்டியும் இரு மடங்கு வேகத்தில் காலியாகும். அரை லீற்றர் காற்றைக் கூடுதலாக உள்ளிழுத்தால் உடம்பு அரைக் கிலோ அளவுக்கு மேலே தூக்கப்படும், விட்டால் இறங்கும். ஆகவே நல்ல சுழியோடி கையைக் காலை அடிப்பதில்லை, மூச்சாலேயே ஏறி இறங்குகிறார். வேகமும் அங்கே செல்லாது. நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்கு, ஒரு நொடியில் செலவாகும் ஆற்றல் எட்டு மடங்கு. பதறுகிறவர் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார். மெதுவாக, நீளமாக மூச்சுவிட்டுக்கொண்டு, கண்ணில் படுவதைக் கவனித்துக்கொண்டு போவதுதான் அந்தத் தொழிலின் இலக்கணம். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியை யாரும் திட்டமிட்டு உண்டாக்கியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

சரி, எல்லோரும் கோணேசர் மலைக்குக் கீழே குதிக்க முடியாது. கதிரைக்கு வருவோம். எழுத்தாளரின் தொழில்நோய்கள் அங்கேதான் முளைக்கின்றன.

1953இல் 'லான்செட்' இதழில் ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவோடு வெளியிட்ட ஆய்வுதான் உடலசைவையும் நோயையும் ஆராயும் துறைக்கே பிள்ளையார் சுழி. லண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிப்பார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வர்க்கம், ஒரே பஸ், ஒரே புகை. ஆனால் மாரடைப்பு சாரதிகளுக்கே அதிகம் வந்தது, வந்தாலும் கடுமையாக வந்தது. சாரதிகளின் சீருடை இடுப்பளவு தொடக்கத்திலேயே பெரிதாக இருந்தது என்பதையும் மொரிஸ் பின்னால் கவனித்து எழுதினார். படி மட்டும்தான் காரணமென்று சொல்லிவிட முடியாது என்பதை அவரே உணர்ந்திருந்தார். இருந்தாலும் பிற்பாடு வந்த பெரிய ஆய்வுகள் அவர் கைகாட்டிய திசையையே உறுதிசெய்தன. எழுத்தாளர் அந்த பஸ்ஸின் சாரதி. ஒரு வித்தியாசம், அவருடைய பஸ் நகர்வதுமில்லை.

உட்கார்ந்திருக்கும்போது நடப்பது என்ன? கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏறுகிறது. தசை சும்மா இருந்தால் இரத்தம் தேங்கும். இன்னொன்று சீனி. சோறோ இடியப்பமோ சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோசைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைகள். அதற்கு இன்சுலின் வேண்டும். ஆனால் வேலைசெய்யும் தசைக்கு இன்சுலின் தட்டாமலே கதவு திறக்கும் வசதியும் உண்டு. தசை சுருங்குவதே குளுக்கோசை உள்ளே விடும் புரதங்களைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது. 2012இல் அவுஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர் உடல் பருமன் கூடிய 19 பேரை வைத்துப் பார்த்தார்கள். தொடர்ந்து உட்காராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனியும் இன்சுலினும் தெளிவாகக் குறைந்தன. பத்தொன்பது பேர் சின்னத் தொகைதான். ஆனால் உடற்றொழிலியல் இதற்கு முரணாக இல்லை. தெற்காசியர்களாகிய எங்களுக்கு மெலிந்த உடம்பிலேயே சீனி வருத்தம் வந்துவிடுகிறது என்பதால் இது எங்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எழுத உட்காருகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொருமுறை வாசிக்கலாம்.

எவ்வளவு செய்தால் போதும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு என்கிறது. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. நடுத்தரம் என்றால் என்ன என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. கோட்டை வாசலில் இருந்து மான்களைத் தாண்டிக் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் பெரும்பாலானவர்களுக்கு நிலைமை அதுதான்.

2016இல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மரண ஆபத்துக் கூடுகிறது. அவர்களே தினமும் 60 முதல் 75 நிமிடம் நடுத்தர உழைப்புச் செய்தால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் இல்லாமலாகிறது. முழுநேர எழுத்தாளர் யாராவது இருந்தால் அவருக்கு இது நல்ல செய்தியும் கெட்ட செய்தியும். நாவல் எழுதும் கதிரையை உடைக்கத் தேவையில்லை. ஆனால் விலை ஒரு மணி நேரத்துக்கு மேல்.

இங்கேதான் எழுத்தாளர் கேட்பார்: அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் எழுதியிருப்பேனே? அது நட்டக் கணக்கா?

2014இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரிலி ஒபெஸ்ஸோவும் டானியல் ஷ்வார்ட்ஸும் நான்கு சோதனைகளை வெளியிட்டார்கள். மொத்தம் 176 பேர், பெரும்பாலும் மாணவர்கள். ஒரு சாதாரணப் பொருளைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பது ஒரு சோதனை. எங்கள் ஊரில் நடத்தியிருந்தால் சிரட்டையைக் கொடுத்திருப்பார்கள். அகப்பை, விளக்கு, பூச்சாடி என்று எல்லோரும் சொல்வதற்கு மதிப்பெண் இல்லை. வேறு யாரும் சொல்லாததும் பொருந்துவதுமான யோசனைக்கே மதிப்பெண். நடந்துகொண்டே யோசித்தவர்களிடம் இப்படிப்பட்ட யோசனைகள், உட்கார்ந்திருந்தபோது வந்ததைவிடச் சராசரியாக 60 சதவீதம் கூடின. இயற்கைக் காட்சிதான் காரணமோ என்று பார்த்தால் அதுவுமில்லை. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி ஓடுபொறியில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்து முடித்து உட்கார்ந்தபின்னும் சற்று நேரம் நீடித்தது.

இந்த ஆய்வைச் சொல்கிற பலர் அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. மூன்று சொற்களைக் கொடுத்து மூன்றோடும் பொருந்தும் ஒரே சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்ன சோதனையில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். அதாவது நடை கதவுகளைத் திறந்துவிடுகிறது. எந்தக் கதவு சரி என்று தேர்ந்தெடுக்கும் வேலைக்கு அது உதவாது, கெடுக்கவும் செய்யலாம். கதைக்கு ஒரு திருப்பம் தேடுகிறீர்களா, நடக்கலாம். ஒரு பெயரடையை வெட்டுவதா வைப்பதா என்று பார்க்கிறீர்களா, உட்காருங்கள். எழுத்துத் தொழில் தெரிந்த எவருக்கும் இது அனுபவத்தில் தெரிந்ததே.

ஏன் இப்படி? ஆர்னே டீட்ரிஷ் என்ற நரம்பியல் அறிஞர் ஒரு கருதுகோள் வைத்திருக்கிறார். உடம்பு நன்றாக உழைக்கும்போது, அசைவையும் சமநிலையையும் புலன்களையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கு ஆற்றல் அதிகம் போகிறது. திட்டமிடுதல், தணிக்கை, தன்னைத்தானே கண்காணித்தல் ஆகியவற்றுக்குப் பொறுப்பான நெற்றிப் பகுதி தற்காலிகமாக அடங்குகிறது. நிரூபிக்கப்பட்ட உண்மை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் முதல் வரைவு எழுதும்போது உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் முகம் சுளிக்கும் அந்த ஆசாமியைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்ப இப்படி ஒரு வழி இருந்தால் நல்லதுதானே.

நீண்டகாலக் கணக்கு வேறு. 2011இல் கேர்க் எரிக்சன் குழுவினர் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவினரை ஓராண்டு நடக்க வைத்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் வளர்ந்தது. வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவைக் காட்டவில்லை. வளர்க்கிறது என்பதைவிடத் தேய்வைத் தாமதப்படுத்துகிறது என்று சொல்வதே நிதானமான பேச்சு.

எழுத்தாளர்களில் நடையர்கள் நிறையப் பேர். சார்ள்ஸ் டிக்கன்ஸ் லண்டன் தெருக்களில் இரவிரவாக மைல் கணக்கில் நடந்தவர். டார்வின் தம் தோட்டத்து மணல் பாதையில் சுற்றிச் சுற்றி வந்தே யோசித்தவர். ஜேன் ஒஸ்ரினின் கதாநாயகி எலிசபெத் பென்னெற் சேற்றில் மூன்று மைல் நடந்து அக்காவைப் பார்க்கப் போகிறாள். நடக்கத் தெரிந்தவளின் கைதான் அதை எழுதியிருக்க முடியும். ஒஸ்ரினின் தம்பி சார்ள்ஸ், பிரித்தானியக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர், 1852இல் பர்மாவில் இறந்து, திருகோணமலைக் கல்லறைத்தோட்டத்தில் புதைக்கப்பட்டார். இந்த ஊரில் அந்தக் கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. காலைநடைக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் இதையும் வைத்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஹருகி முரகாமி. 1982இல் ஓடத் தொடங்கினார். நாவல் எழுதும் காலத்தில் விடிய நாலு மணிக்கு எழும்பி ஐந்தாறு மணி நேரம் எழுதிவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் ஓடுவார் அல்லது 1,500 மீட்டர் நீந்துவார், இரவு ஒன்பதுக்குப் படுப்பார் என்று அவரே சொல்லியிருக்கிறார். மதிக்கத்தக்க ஒழுங்கு. ஆனால் காலை பஸ்ஸில் பாடசாலைக்குப் போய்ப் படிப்பித்து, பின்னேரம் ரியூசன் கொடுத்து, இரவு பத்து மணிக்குமேல் கவிதை எழுதும் கிண்ணியா ஆசிரியருக்கு இந்த உதாரணம் ஊக்கம் தராது, குற்ற உணர்வைத்தான் தரும். முழுநேர எழுத்தின் வருமானம் இல்லாதவர்களிடம் முரகாமியைத் தூக்கிக் காட்டுவதை நாம் நிறுத்தவேண்டும். கிளார்க்கின் பின்பாதி வாழ்க்கை இவர்களுக்கு அதிகம் உதவும்.

1962இல் கிளார்க்கை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. வயது நாற்பத்து நாலு. உடம்பு முழுவதும் செயலிழந்து மாதக்கணக்கில் கிடந்தார். மெல்ல எழும்பினார். இரண்டு ஆண்டுகளில் நியூயோர்க்கில் ஸ்டான்லி குப்ரிக்கோடு உட்கார்ந்து, 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யின் கதையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த மீட்சி எப்படி நடந்தது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் சாரம் இருக்கிறது.

போலியோ வைரஸ் தசையைத் தாக்குவதில்லை. முதுகுத் தண்டில் இருந்து தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்புச் செல்களைக் கொல்கிறது. கட்டளை போகாத தசைநார்கள் அநாதையாகி மெலிகின்றன. பிழைத்த நரம்புச் செல்கள் அப்போது புதிய கிளைகளை விட்டு அந்த அநாதைகளைத் தத்தெடுக்கின்றன. நூறு நார்களைப் பார்த்துக்கொண்ட செல் இப்போது பல நூறைப் பார்க்கும். நோயாளி எழும்பி நடக்கிறார்; எல்லோரும் குணமாயிற்று என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு செல்லும் அளவுக்கு மீறிய குடும்பத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகத் தொடங்கும். புதிய தளர்ச்சி, விளங்காத களைப்பு, தசை வலி. பின்போலியோ நோய்க்குறி என்று இதற்குப் பெயர். கிளார்க்குக்கு இது 1988இல் கண்டறியப்பட்டது. கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார்.

இந்த நோயில் 'முடியாவிட்டாலும் முக்கிச் செய்' என்ற புத்தி ஆகாது. மற்றவர்களுக்குப் பலம் தரும் கடும் பயிற்சி, ஏற்கெனவே சுமை கூடிய நரம்புச் செல்லை மேலும் நொடிக்கலாம். முற்றாக ஓய்ந்து கிடந்தாலோ நல்ல தசையும் வற்றிவிடும். ஆகவே மருத்துவர்கள் சொல்வது இடைவழி: சின்னச் சின்னத் தவணை, நடுவில் ஓய்வு, களைப்போ வலியோ வருமுன் நிறுத்தம். நீர் இங்கே பெரிய துணை. நெஞ்சளவு நீரில் நிற்பவரின் காலுக்கு உடலெடையில் ஒரு பங்குதான் சுமை. தரையில் தடுமாறுகிற கால் நீரில் அசையும். நீருக்கு அடியில் மட்டும் தமக்குக் குறை ஒன்றும் இல்லை என்ற பொருளில் கிளார்க் பேசிவந்ததில் மிகை கிடையாது. மிதப்பு விசையின் கணக்கே அதுதான்.

கொழும்பில் அவர் பின்னேரங்களில் விளையாடியது மேசைப்பந்து. கால் தாங்காத நாட்களில் மேசையில் சாய்ந்துகொண்டே ஆடினார், அதிலும் எதிராளியை வெல்லவே பார்த்தார். மேசைப்பந்தின் உழைப்பு வேகநடைக்குச் சமம். கண், கை, தீர்மானம் மூன்றும் சேர்ந்து ஓடும், வேண்டிய நேரத்தில் நிறுத்தலாம், மழை வந்தாலும் நிற்காது. சுழியோட்டத்தில் தொடங்கியவர் மேசைப்பந்துக்கு இறங்கினாரே என்று இரக்கப்பட எதுவுமில்லை. உடம்பின் கையிருப்பைப் பார்த்துச் செலவு செய்தார், அவ்வளவுதான்.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியத்தோடு சேர்த்து நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. ஆனால் சிறுவயதில் வாதம் வந்து மீண்டவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களில் எழுதுகிறவர்களும் உண்டு. வயது போகப் போகத் தளர்ச்சி கூடினால் சோம்பல் என்று அவர்களை யாரும் ஏசக்கூடாது.

கடலில் இறங்கி உழைத்த உடம்பு எழுத்தில் எப்படித் திரும்பி வருகிறது என்பதற்குத் திருகோணமலையிலேயே சாட்சி இருக்கிறது. வாதம் வந்து இரண்டு ஆண்டுகளில், 1964இல், கிளார்க்கின் 'த ஷைனிங் வன்ஸ்' என்ற சிறுகதை வெளிவந்தது. கதை நடப்பது எங்கள் துறைமுகத்துக்கு வெளியே. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலேயே தொடங்கி, கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு ஆழ்கடலுக்குள் ஓடுகிறது. ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டும். மேற்பரப்பு நீர் 28 பாகை செல்சியஸ் அளவு, ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஒற்றை இலக்கம். அந்த வெப்ப வேறுபாட்டை வைத்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றைக் கிளார்க் அந்தப் பள்ளத்தாக்கில் நிறுவுகிறார், அங்கே பூதக்கணவாய்களைக் கொண்டுவருகிறார். அப்படி மின்சாரம் எடுக்கலாம் என்பது இன்று பரிசோதிக்கப்பட்ட தொழில்நுட்பம். கரையோரமே இத்தனை ஆழம் இருப்பது எவ்வளவு அரிது என்பதை, இந்தக் கடலில் இறங்கிப் பார்த்த எழுத்தாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கவிஞர் பிரமிளைப் பெற்ற ஊர் இது. ஆனாலும் இந்தக் கடலடியைப் பற்றி எழுத ஓர் இங்கிலாந்துக்காரர் வரவேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு.

எங்கள் வெயிலையும் காற்றையும் கணக்கில் எடுக்காமல் உடற்பயிற்சி பற்றிப் பேசக்கூடாது. வருட நடுப்பகுதியில் கச்சான் காற்று வீசும்போது கடல் அமைதி, கரை அடுப்பு. வெப்பத்தில் இதயத்துக்கு இரட்டை வேலை: தசைக்கும் இரத்தம் அனுப்பவேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்பவேண்டும். அதே வேக நடைக்கு நாடித்துடிப்புக் கூடும். ஆகவே அந்த மாதங்களில் ஏழு மணிக்கு முன், அல்லது வெயில் தாழ்ந்தபின். நீந்தத் தெரிந்தவர்களுக்கு இதுதான் பருவம். ஒக்டோபர் பிறந்தால் வாடை, மழை, கொந்தளிப்பு. நடை வீட்டுக்குள் படிக்கட்டுக்கும் பட்மின்டனுக்கும் மேசைப்பந்துக்கும் மாறவேண்டும். ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வாடை தொடங்கியதும் விட்டுவிடுகிறார்கள், பிறகு தை மாதம்வரை எழும்புவதில்லை.

பெண்களின் கணக்கு வேறு. தண்ணீர் தூக்கி, கூட்டி, அரைத்து, பிள்ளையைச் சுமந்து நாள் முழுக்க உழைக்கும் பெண்ணுக்கு அசைவு போதாது என்று எந்த வழிகாட்டலும் சொல்லவில்லை. வீட்டு வேலையும் கணக்கில் சேரும். அவருக்கு இல்லாதது தலையில் எதுவும் சுமக்காமல் நடக்கும் அரை மணி நேரம். ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களின் நடை அப்படிப்பட்ட நடைதான். எழுதுகிற மனைவியோ மகளோ உள்ள வீட்டில், அடுப்பை யாராவது பார்த்துக்கொண்டு அந்த அரை மணியை அவருக்குக் கொடுத்தால் அது உடற்பயிற்சி மட்டுமாக இருக்காது.

கிளார்க் 2008 மார்ச் 19 அன்று, தொண்ணூறு வயதில் கொழும்பில் காலமானார். உடம்பு உடைந்தபின் நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதியிருக்கிறார். உடற்பயிற்சிதான் அந்த ஆயுளைக் கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனிதனை வைத்து அப்படிச் சொல்வது அறிவியலாகாது.

எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான். நாளைக்கு எழுதவேண்டிய பகுதியை இன்றைக்கு நடக்கும்போது யோசியுங்கள். திருத்தும் வேலையைக் கதிரைக்கு விடுங்கள். இடையிடையே எழும்புங்கள், முக்கியமாகச் சாப்பாட்டுக்குப் பிறகு. சிறுவயதில் வாதம் வந்தவர்களும், நெஞ்சு வருத்தம், சீனி வருத்தம் உள்ளவர்களும் தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். கோணேசர் மலைக்குக் கீழே மட்டும் தனியாக இறங்காதீர்கள். அங்கே அலை பாறையில் அடிக்கும், கிளார்க்கும் வில்சனும்கூடச் சேர்ந்துதான் இறங்கினார்கள்.